மூட்டுக்குள் மறையும் துணி: எங்கே எவ்வளவு விட வேண்டும்

வெட்டிய துணியின் ஓரத்துக்கும் தையல் ஓடும் கோட்டுக்கும் இடையில் விடப்படும் துணியைத் தையற்கடைகளில் மார்ஜின் என்கிறார்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது "உள்ளே கொஞ்சம் விட்டுத் தையுங்கள்" என்று நாம் சொல்வதும் இதைப் பற்றித்தான். வெளியே தெரியாத துணி என்பதால் புதிதாகத் தைப்பவர்கள் இதை அலட்சியமாக நினைக்கிறார்கள். அல்லது "எல்லா இடத்துக்கும் அரை அங்குலம்" என்று ஒரே அளவை மனப்பாடம் செய்துகொண்டு, கழுத்துக்கும் கைக்குழிக்கும் இடுப்புக்கும் தலையணை உறைக்கும் அதையே விட்டு வெட்டிவிடுகிறார்கள். மூட்டும் இடம் நேராக ஓடுகிறதா வளைகிறதா, உடுத்தும்போது எவ்வளவு இழுபடும், துணியின் இழை எளிதில் பிரியுமா, பின்னாளில் பிரித்துப் பெரிதாக்க வேண்டி வருமா என்ற நான்கையும் பார்த்த பிறகுதான் எவ்வளவு விடுவது என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் தையல் கோடு, பிறகு வெட்டும் கோடு

உடல் அளவிலிருந்தோ மெத்தையின் அளவிலிருந்தோ கிடைப்பது தையல் கோடு மட்டுமே. அதைச் சாக்பீஸால் வரைந்து முடித்து, அதன்பின் ஒவ்வொரு ஓரத்துக்கும் உரிய மார்ஜினைத் தள்ளி வெட்டும் கோட்டை வரைவது நல்ல பழக்கம். பழகிய தையல்காரர்கள் ஒரே கோட்டில் வெட்டிவிடுகிறார்களே என்று கேட்கலாம். அவர்களுக்கு இரண்டாவது கோடு மனதிலேயே இருக்கிறது. நமக்கு அது வர ஐம்பது ரவிக்கையாவது தைத்திருக்க வேண்டும்.

இதில் சிறு பிழை எப்படிப் பெருகுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் கவனம் தானாக வரும். ரவிக்கையின் இரண்டு பக்கங்களையும் மூட்டும்போது முன்துண்டின் ஓரங்கள் இரண்டு, பின்துண்டின் ஓரங்கள் இரண்டு என நான்கு ஓரங்கள் உள்ளே போகின்றன. அரை அங்குலத்தில் தைக்க வேண்டியதை முக்கால் அங்குலத்தில் தைத்துவிட்டால், ஓர் ஓரத்தில் கால் அங்குலம்தான் பிசகு. நான்கு ஓரத்துக்குமாக மார்புச் சுற்றளவில் ஒரு முழு அங்குலம் குறைந்து, ஹூக் மாட்ட முடியாமல் போகும். ஆறு துண்டு வைத்துத் தைக்கும் உள்பாவாடையில் ஆறு மூட்டுகள், பன்னிரண்டு ஓரங்கள். ஒவ்வொன்றிலும் அரைக்கால் அங்குலம் தவறினாலே இடுப்பில் ஒன்றரை அங்குலம் போய்விடும். அளவு எடுத்தது சரி, வெட்டியது சரி, ஆனாலும் உடை சேரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி இந்த அரைக்கால்தான்.

அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. அங்குல டேப்பில் உள்ள எட்டுப் பிரிவுகளைச் சொல்ல நம் பழைய கணக்குச் சொற்கள் அப்படியே பொருந்துகின்றன: காலே அரைக்கால் என்றால் எட்டில் மூன்று, அரையே அரைக்கால் என்றால் எட்டில் ஐந்து. இந்தக் கட்டுரை முழுவதும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

அச்சிட்ட காகித வடிவத்தை வைத்து வெட்டுபவர்கள், அதில் மார்ஜின் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் படித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சிம்பிளிசிட்டி, மெக்கால்ஸ் போன்ற வடிவங்களில் பொதுவாக அரையே அரைக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.5 செ.மீ., ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். ஜெர்மனியின் புர்டா இதழோடு வரும் வடிவங்கள் தையல் கோட்டின் அளவிலேயே இருக்கும். மார்ஜினை நாம்தான் கூட்ட வேண்டும். முதல் வகைக்குப் பழகியவர் இரண்டாம் வகையை அப்படியே வெட்டினால் குழந்தைக்குக்கூடச் சேராத உடைதான் மிஞ்சும்.

மெஷினில் அந்த அளவைப் பிடித்து ஓட்டுவது

துணியில் அரை அங்குலம் விட்டதால் தையலும் அரை அங்குலத்தில் ஓடிவிடாது. புதிய மெஷின்களின் ஊசித் தட்டில் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் இருக்கும் பழைய கறுப்பு உஷாவிலோ சிங்கரிலோ அவை பெரும்பாலும் இருக்காது. அங்குல டேப்பை ஊசிக்கு அடியில் வைத்து, கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றி ஊசி நுனியைச் சரியாக ஓர் அங்குலக் கோட்டில் இறக்குங்கள்; அங்கிருந்து வலப்பக்கம் அரை அங்குலம் எங்கே முடிகிறதோ அங்கே இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை நேராக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போனால் போதும். தைக்கும்போது கண் ஊசியின் மேல் இருக்கக் கூடாது, டேப்பின் மேல் இருக்க வேண்டும். ஊசியையே பார்த்துத் தைப்பவர்களின் கோடுதான் பாம்பு போல நெளிகிறது.

துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் வலது ஓரம் கால் அங்குலம் என்று பலரும் நம்பித் தைக்கிறார்கள். மெஷினுக்கு மெஷின் அது மாறும். சோதிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று கீற்றுகளை வெட்டி, ஃபுட்டின் ஓரத்தை வைத்து மூன்றையும் பக்கம் பக்கமாக மூட்டி, அயர்ன் செய்து, நடுக் கீற்றின் அகலத்தை அளந்து பாருங்கள். அது சரியாக ஓர் அங்குலம் இருந்தால் உங்கள் ஃபுட் கால் அங்குலம்தான். குறைவாக இருந்தால் நீங்கள் கூடுதலாக உள்ளே தைக்கிறீர்கள் என்று பொருள்.

ரவிக்கையில் எங்கே எவ்வளவு

ரவிக்கையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரே உடையில் எல்லா வகை மூட்டுகளும் வருகின்றன. அதோடு, நம் வீடுகளில் மார்ஜினை உண்மையாகவே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உடையும் இதுதான்.

பக்க மூட்டுக்கு ஓர் ஓரத்தில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் விடுவது வழக்கம். தளர்வையும் சேர்த்துச் சுற்றளவு 38 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நான்கில் ஒரு பங்கு 9.5, அதோடு ஒன்றரை அங்குலம் கூட்டி 11 அங்குலத்தில் வெட்ட வேண்டும். பின்னாளில் பிரித்தாலும் மூட்டு நிற்பதற்கு அரை அங்குலம் மிச்சம் இருந்தாக வேண்டும் என்பதால், விடுவிக்கக்கூடியது ஓர் ஓரத்தில் ஓர் அங்குலம். நான்கு ஓரத்துக்கும் சேர்த்து நான்கு அங்குலம். பிரசவத்துக்குப் பிறகோ சில ஆண்டுகள் கழிந்தோ அதே பட்டு ரவிக்கையை மறுபடி உடுத்த இந்த நான்கு அங்குலம் பெரும்பாலும் போதும். புடவையோடு வரும் ரவிக்கைத் துணி வழக்கமாக 80 செ.மீ. நீளம்தான் என்பதால், நீளக் கை வைக்கும்போது பக்கத்துக்கு இரண்டு அங்குலம் விடத் துணி போதாமல் போகலாம். அப்போது ஒன்றரையில் நிறுத்திக்கொள்ளலாம், ஓர் அங்குலத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

பக்கத்தில் தாராளமாக விட்டுவிட்டுக் கையின் அடிப்பக்க மூட்டில் அரை அங்குலம் மட்டும் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ரவிக்கையைப் பெரிதாக்கும்போது கைக்குழியின் சுற்றளவும் கூடும்; கையில் விடுவிக்கத் துணி இல்லையென்றால் பக்கத்தில் விட்டதெல்லாம் வீண். கைக்கும் லைனிங்குக்கும் அதே அளவு விட வேண்டும். கையை முதலில் கைக்குழியில் பொருத்திவிட்டு, கையின் நுனியில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூட்டினால், பின்னாளில் அந்த ஒரு கோட்டைப் பிரித்தாலே வேலை முடிந்துவிடும்.

தோளுக்கு அரை அங்குலம், கைக்குழிக்கு அரை அங்குலம், கழுத்துக்குக் கால் அங்குலம், உடல் வளைவுக்காகத் துணியில் பிடிக்கும் டாட் மடிப்புக்கு எதுவும் வேண்டாம். கழுத்தில் மட்டும் திசை மாறுகிறது என்பதை மறக்கக் கூடாது. மற்ற ஓரங்களில் மார்ஜின் வெளியே கூடும். கழுத்தில் அது குழிக்குள்ளே வரும். ஏழு அங்குல ஆழம் வேண்டுமென்றால் ஆறே முக்காலில் வெட்ட வேண்டும். ஏழிலேயே வெட்டிக் கால் அங்குலம் மடித்துத் தைத்தால் ஆழம் ஏழே கால் ஆகும். இரண்டு பக்கமும் கால் கால் அங்குலமாகக் கழுத்தின் அகலமும் அரை அங்குலம் கூடும். தோளிலிருந்து ரவிக்கை நழுவுகிறது என்று சொல்பவர்களின் கழுத்தை அளந்து பார்த்தால் பல நேரம் இந்த அரை அங்குலம்தான் அகப்படும்.

கை நுனியை மடித்துத் தைக்க ஒன்றேகால் அங்குலம் விடுகிறோம். கை கீழ்நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால், அந்தக் கோட்டையே நீட்டி வெட்டினால் மடிக்கும் பகுதி கையின் சுற்றளவைவிடச் சிறியதாகி, மடித்துத் தைக்கும்போது சுருக்கம் விழும். காகிதத்தில் கையை வரைந்தபின், மடிப்புக் கோட்டில் காகிதத்தை உள்பக்கம் மடக்கி, மடக்கிய நிலையிலேயே பக்கக் கோட்டை வெட்டிவிட்டுப் பிரித்துப் பாருங்கள். மடிப்புப் பகுதி தலைகீழாக விரிந்திருக்கும். குறுகும் குர்தா கைக்கும் பேன்ட்டின் கால் நுனிக்கும் இதே முறைதான்.

வளைவில் ஏன் குறைவாக விடுகிறோம்

கழுத்துக்குக் கால் அங்குலம் போதும் என்று சொல்வது துணியை மிச்சம் பிடிக்க அன்று. மூன்று அங்குல ஆரமுள்ள வட்டக் கழுத்து ஒன்றை நினைத்துப் பாருங்கள். அரை அங்குல மார்ஜின் விட்டால், வெட்டிய ஓரத்தின் ஆரம் இரண்டரை அங்குலம், சுற்றளவு ஏறத்தாழ 15.7 அங்குலம். அந்த ஓரத்தை உள்பக்கம் திருப்பும்போது அது மூன்றரை அங்குல ஆரத்தில் படிய வேண்டும். அங்கே தேவைப்படும் சுற்றளவு 22 அங்குலம். ஆறு அங்குலத்துக்கு மேல் பற்றாக்குறை. இல்லாத துணியைத் தேடித்தான் கழுத்து சுருங்கியும் தூக்கிக்கொண்டும் நிற்கிறது. கால் அங்குலம் மட்டும் விட்டால் பற்றாக்குறை மூன்று அங்குலம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மிச்சமுள்ள இழுப்பைப் போக்கத்தான் தையல் கோட்டுக்கு இரண்டு இழை தள்ளி நிற்குமாறு, அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு வீதம் கத்தரிக்கோல் நுனியால் கீறிவிடுகிறோம்.

வெளிப்பக்கம் வளையும் ஓரங்களில், உதாரணமாக வட்டக் காலரிலோ வட்டக் குஷனிலோ, நிலைமை நேர்மாறு. அங்கே திருப்பும்போது துணி மிகுந்துபோய் உள்ளே குவியும். ஆகவே கீறினால் போதாது, சிறு முக்கோணங்களாக வெட்டி எடுக்க வேண்டும். குழிவுக்குக் கீறல், குவிவுக்கு முக்கோணம்.

தலையணை உறையும் குஷன் உறையும்

வீட்டுத் துணிகளில் உடலின் வளைவுகள் இல்லை, பெரிதாக்கும் தேவையும் இல்லை. எனவே அரை அங்குலம் பெரும்பாலான மூட்டுகளுக்குப் போதும். ஆனால் இவை உடைகளைவிட முரட்டுத்தனமாகத் துவைக்கப்படுகின்றன, உள்ளே அடைக்கும் பஞ்சு எப்போதும் மூட்டுகளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

16 அங்குலச் சதுரக் குஷனுக்கு முன்துண்டு 17க்கு 17 அங்குலம். பின்பக்கம் ஜிப் வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு துண்டுகள் போதும் என்றால், நான்கு அங்குலம் ஏறி நிற்குமாறு கணக்கிடுவேன்: 16உம் 4உம் சேர்ந்து 20, அதில் பாதி 10, மூட்டுக்கு அரை, வாய் மடிப்புக்கு ஓர் அங்குலம்; ஆக ஒவ்வொரு பின்துண்டும் பதினொன்றரைக்கு 17. குஷன் புடைத்து நிற்பதை விரும்புபவர்கள் உறையை ஓர் அங்குலம் சிறியதாகத் தைப்பதும் உண்டு. சதுரமாகவே தைத்தால், பஞ்சு எட்டாத நான்கு மூலைகளும் முயல் காது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தவிர்க்க, மூலையில் மட்டும் தையல் கோட்டை அரை அங்குலம் உள்ளே தள்ளி, பக்கத்தின் கால்வாசி நீளத்துக்குள் பழைய கோட்டில் போய்ச் சேருமாறு மெல்லச் சரித்துத் தைக்க வேண்டும். உறையைத் திருப்புவதற்கு முன், மூலையின் மார்ஜினைக் குறுக்காக வெட்டிவிடுவது அவசியம்.

தலையணை உறைக்கு நான் பரிந்துரைப்பது பிரெஞ்ச் தையல். வெட்டிய ஓரம் முழுவதும் மூட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடுவதால் எத்தனை முறை துவைத்தாலும் நூல் பிரியாது. 17க்கு 27 அங்குலத் தலையணைக்குத் தைத்து முடிந்த உறை 18க்கு 28 இருக்கட்டும். மார்ஜின் அரையே அரைக்கால்; எனவே துணியின் அகலம் பத்தொன்பதே கால். நீளம் இரண்டு 28, உள்ளே செருகும் நாக்குக்கு 6, இரு முனை மடிப்புகளுக்கு 2. மொத்தம் 64 அங்குலம். முனைகளை மடித்துத் தைத்தபின், உறை கடைசியில் எப்படி இருக்குமோ அப்படியே நல்ல பக்கம் வெளியே தெரிய மடக்கி, நாக்கை உள்ளே வைத்து, இரு பக்கமும் காலே அரைக்காலில் முதல் தையலைப் போடுங்கள். அந்த மார்ஜினை அரைக்காலாகச் சீவிவிட்டு, உறையை உள்வெளியாகத் திருப்பி, மூட்டை அயர்ன் செய்து, கால் அங்குலத்தில் இரண்டாம் தையலைப் போடுங்கள். சீவாமல் விட்டால் உறையின் நல்ல பக்கத்தில் மூட்டோரமாக மீசை முளைத்தது போல நூல்கள் எட்டிப்பார்க்கும். இலவம்பஞ்சை அடைக்கும் உள்ளுறைக்கும் இந்தத் தையலே சிறந்தது, ஏனெனில் அந்தப் பஞ்சு ஊசித் துளையளவு இடம் கிடைத்தாலும் வெளியேறிவிடும்.

திரைச்சீலை

திரைச்சீலையில் மூட்டுகளைவிட மடிப்புகளுக்குத்தான் துணி போகிறது. முதன்முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத் தைத்தபோது நிலையின் உயரத்தை அளந்து, மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் கூட்டி வெட்டினேன். முதல் சலவைக்குப் பிறகு அது கணுக்கால் தெரியும் பேன்ட் போலத் தொங்கியது. பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். சுருக்கத்தை மார்ஜினால் ஈடுகட்ட முடியாது.

முடிந்த நீளம் 84 அங்குலம், அதாவது ஏழடி, என்றால் அடி மடிப்புக்கு மூன்று மூன்று அங்குலமாக இரண்டு மடிப்பு, ஆறு அங்குலம். மேலே வளையம் அடிக்க, விறைப்பாக நிற்பதற்கான கேன்வாஸ் துணி வைத்து மடிக்க நான்கும், உள்ளே திருப்ப அரையும். மொத்தம் தொண்ணூற்று நான்கரை அங்குலம். பக்கங்களுக்கு ஓர் அங்குலமாக இரு மடிப்பு வைத்தால், 48 அங்குல அகலத் துணி 44 ஆகும். பெரிய பூப்போட்ட துணியானால், வடிவம் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளந்து, வெட்டு நீளத்தை அதன் மடங்காக உயர்த்திக்கொள்ளுங்கள். 20 அங்குலத்துக்கு ஒருமுறை வந்தால் தொண்ணூற்று நான்கரை 100 ஆக வேண்டும். இரண்டு அகலங்களை இணைக்கும்போது துணியின் கரையை அப்படியே மூட்டுக்குள் விட்டுவிடாதீர்கள். கரை நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் துவைக்கும்போது மற்றத் துணியைப் போல் நடந்துகொள்ளாமல் மூட்டைச் சுருட்டி இழுக்கும். அதை வெட்டிவிட்டு மூட்டுவதே நல்லது.

பட்டும் பிசிரும் துணிகளும், பிறகு பிரித்துவிடுவதும்

இழை எளிதில் பிரியும் துணிகளுக்கு எந்த மூட்டானாலும் முக்கால் அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். பனியன் துணிக்குக் கால் அங்குலம் போதும், அதன் ஓரம் பிரியாது. ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் போடக் கடையில் கொடுக்கும்போது மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த மெஷினின் கத்தி துணியின் ஓரத்தைச் சீவிக்கொண்டே போகும். இரண்டு அங்குலம் விட்டு வெட்டிய என் ரவிக்கை ஒன்று, ஓவர்லாக் முடிந்து வந்தபோது பக்கத்தில் முக்கால் அங்குலத்தோடு திரும்பி வந்தது. ஒட்டி மூட்டிய பிறகு ஓவர்லாக் போடுவதை விட, மூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் ஓரத்துக்கும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டால் மார்ஜின் தப்பும்; பிரித்துப் பெரிதாக்கும்போது ஓவர்லாக்கையும் பிரிக்க வேண்டியிராது.

பெரிதாக்கும் நாள் வரும்போது, பழைய தையலை முதலில் பிரித்துவிடாதீர்கள். உடையை உள்வெளியாகத் திருப்பி, பழைய கோட்டுக்கு வெளியே வேண்டிய தூரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, புதிய தையலை ஓட்டிய பிறகு பழையதைப் பிரித்தால், நான்கு ஓரங்களும் நழுவாமல் அதே பொருத்தத்தில் நிற்கும். பருத்தியில் பழைய ஊசித் துளைகளை நகத்தால் நீவி, ஈரத் துணி போட்டு அயர்ன் செய்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் அவை மூடுவதில்லை. மடிந்திருந்த பகுதி வெளிறாமல் புதுநிறத்தோடு இருப்பதும் தெரியும். கைக்குக் கீழே மறைந்துவிடும் என்பதால் பக்க மூட்டில் அது பொருட்டில்லை. குழந்தைகளின் பட்டுப் பாவாடையில் ஆண்டுக்கொரு முறை இறக்கிவிடுவதற்காக வைக்கும் மடிப்புகளோ கண்ணெதிரே இருப்பவை. அவற்றை மெஷினில் அடிக்காமல், மெல்லிய ஊசியும் அதே நிற நூலும் கொண்டு கையால் நீள ஓட்டமாகத் தைத்து வைத்தால், பிரித்த பிறகு துளை வரிசை அவ்வளவாகத் தெரியாது.